விளக்கின்மேல் ஒட்டிய டேப்

என்னங்க,

ஆயில் தீர்கிறதென்று காரில் எரிந்த எச்சரிக்கை விளக்கின்மேல் கறுப்பு டேப்பை ஒட்டினீர்களே, இது என்ன ஆட்சி? குறை சொன்னவரின் வாயைப் பொத்தினால் குறை தீர்ந்துவிடுமா? "சின்ன இன்ஜின்னாலும் டர்போடி, சிங்கம்!" என்றீர்கள். அந்தச் சிங்கம் ஆயிலையெல்லாம் குடித்துவிட்டு நேற்று மேட்டில் நீலப்புகை கக்கி நின்றது. இன்று மகளுக்கு நேர்முகத் தேர்வு. அவளுடைய எதிர்காலத்தை அதில் ஏற்ற மாட்டேன், பேருந்தில் போகிறோம்.

சாப்பாடு அடுப்படியில் மூடியிருக்கிறது. பத்து மணிக்கு மெக்கானிக் வருவார். அவர் வருமுன் டேப்பைப் பிய்த்து ஒளிக்காதீர்கள், உண்மையைச் சொல்லுங்கள்.

பி.கு.: "அப்பா கோவமா இருக்காராம்மா?" என்று மகள் கிளம்பும்போது இருமுறை கேட்டாள். "அவருக்கு வண்டிமேலதான் பாசம்" என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டேன். மதியம் அவள் தேர்வு முடிந்து வெளியே வரும்போது அங்கே வாசலில் நில்லுங்கள். பேருந்தில் வந்தால் நேரத்துக்கு வந்துவிடலாம்.