வெளுத்துப்போன ரெண்டு மூட்டைக் காய்

போடிமெட்டு
14-10-57

என் அருமை மகன் அழகுமலைக்கு அப்பா தவசி எழுதிக்கிறது. நானும் உன் ஆத்தாளும் இங்கே சொகம், அங்கே பம்பாயில் நீயும் நல்லா இருக்கணும்னு ஆத்தா தெனமும் சாமியைத் தொந்தரவு பண்றா. உன் காயிதம் கெடச்சு நாலு நாளாச்சு, அன்னைக்கே எழுதியிருந்தா திட்டித்தான் எழுதியிருப்பேன், அதான் ஆறப்போட்டேன். மூணு வருசம் பாலிடெக்னிக்கில் கரும்பலகையைப் பாத்துப் படிச்சதெல்லாம் தண்டம், பம்பாய்ப் பட்டறையில் வேலைக்குச் சேந்தும் அரம் புடிக்கக் கை வரலை, பள்ளிக்கூடமே போகாத பயலுக என்னைவிட வெரசா இரும்பைத் தேச்சுச் சதுரமாக்குறானுக, அடுத்த மாசம் பட்டறையில் வைக்கிற கைவேலைப் பரீட்சையில் தோத்தா எப்படியும் வேலையை விட்டு அனுப்பிடுவாக, அதுக்கு முன்னாடி நானே வந்துடுறேன்னு எழுதியிருக்கே. நல்லாயிருக்கு அப்பு நீ எழுதுறது.

நம்ம எஸ்டேட்டு ஏலக்காய் ஸ்டோர் கதையைக் கேளு. போன லீவுல வந்தப்ப, ஏலக்காய் உலர்த்துற ரூமுக்குள்ளே புகை அடையுறதைப் பாத்துட்டு, புகைபோக்கியை ஆறடி உசத்தி அடுப்புக் குழாயைச் சரிவா ஏத்தணும்னு படம் போட்டு வச்சுட்டுப் போனியே, இருவது வருசமா நெருப்புப் போடுறவனுக்கு இவன் சொல்றானான்னு நான் சிரிச்சேன். கங்காணி அதை வாங்கி, தகர வேலை பெரியகருப்பன்கிட்டே கொடுத்து அப்படியே செஞ்சு மாட்டிட்டாரு. புகை ஒரு பொட்டு உள்ளே வரலை. கெடுத்தது நான்தான். பழைய கைப்பழக்கத்துல அதே அளவுக்கு விறகை அடுக்கிட்டேன், புதுக் குழாய் இழுத்த இழுப்புல நெருப்பு திகுதிகுன்னு புடிச்சு, கதவைத் தொறந்து பாத்தா ரெண்டு மூட்டைக் காய் பச்சை போய், பாதி வெலைக்குக்கூட ஆகாம வெளுத்துக் கெடக்கு. கங்காணி கத்துன கத்துல எனக்கு நாக்கைப் புடுங்கிக்கலாம்போல இருந்துச்சு. எங்கேயாவது ஓடிடலாம்னுதான் நெனைச்சேன், உன்கிட்டே மறைச்சு என்ன. மறுநாளும் போய் அந்த அடுப்பு முன்னாடிதான் உக்காந்தேன். விறகைப் பாதியாக் கொறைச்சு, உள்ளே போய்க் காயைத் தொட்டுத் தொட்டுப் பாத்து, நாலாம் நாள் கை பழகிடுச்சு. இப்ப காய் நல்ல பச்சையா எறங்குது, கங்காணி வாயைத் தொறக்கிறதில்லே.

உன் படிப்பு தண்டம்னா அந்தப் புகை எப்படிப்பா வெளியே போச்சு? கைவேலையைச் சரியாச் சொல்லிக்கொடுக்காதது உன் பள்ளிக்கூடத்துக் குத்தம்தான், இல்லேங்கலை. ஆனா அம்பத்திரெண்டு வயசுல என் கை திரும்புச்சு, உனக்கு இருவத்தொண்ணு. அந்தப் பயலுக பக்கத்துல நின்னு அரம் எப்படிப் புடிக்கிறதுன்னு கேளு, டிப்ளமா வாங்குனவன் கேக்குறதான்னு வெக்கப்படாதே. பதிலுக்கு, வேலைக்கு வரைஞ்சு தர்ற படத்தைப் பாத்துப் புரிஞ்சுக்க நீ அவங்களுக்குச் சொல்லிக்கொடு.

சனிக்கெழமை எண்ணெய் தேச்சுக் குளிக்கணும்னு ஆத்தா எழுதச் சொன்னா, மறந்துடாதே. குலசாமி உன் கூடவே நிக்கும், நீண்ட ஆயுசோட இருப்பே. பரீட்சைக்குப் போய்த் தோத்து வந்தாலும் போடி ரயிலடிக்கு நானே வந்து கூட்டிக்கிட்டுப் போவேன், ஒரு வார்த்தை கேக்க மாட்டேன். போகாம வந்தா மட்டும் வர மாட்டேன் அப்பு.

இப்படிக்கு,
உன் அப்பா
தவசி