ஜன்னலோரக் கட்டில்

என் அருமைத் தோழிக்கு,

இன்று காலை என் வீட்டு மாடிக் கொடியில் ஒரு புதுத் துண்டு காய்கிறது. நீலக் கட்டம் போட்ட முரட்டுத் துண்டு. அதோடு கிடைத்த எலுமிச்சை வாசச் சோப்பைப் போட்டுத்தான் துவைத்தேன். எடுத்து முகர்ந்ததும் சிரிப்பு வந்துவிட்டது, கூடவே நீயும் வந்துவிட்டாய். இது எனக்கு எப்படிக் கிடைத்தது என்று கேட்டால் நீ விழுந்து விழுந்து சிரிப்பாய்.

ஓய்வு பெற்ற பிறகுதானே நாம் இந்த வேலையில் இறங்கினோம். வருமானத்தில் பத்தில் ஒன்றாக எடுத்து வைக்கும் தசமபாகத்தில் சபைக்குக் கொடுத்ததுபோக மீதியை எந்த ஊழியத்துக்கு, எந்த இல்லத்துக்குக் கொடுப்பது என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் முடிவு செய்வோம். நான் தபால் ஆபீஸ்காரி, எனக்கு ரசீதும் ஆண்டறிக்கையும் வேண்டும். நீ நர்ஸ், உனக்கு மூக்கு போதும். மாதாமாதம் வரும் ஊழியப் பத்திரிகைகளை நான் வரி விடாமல் படித்துக் காட்டினால் நீ படங்களை மட்டும் புரட்டுவாய். "எல்லாரும் கேமராவப் பாத்தே சிரிக்கிறாங்கடி. சோத்தப் பாத்துச் சிரிக்கிற ஆளு ஒருத்தராவது இருக்காங்களா பாரு" என்பாய். ஜெபித்துவிட்டு முடிவு செய்யலாமே என்று நான் இழுத்தால், "ஜெபமும் பண்ணுவோம், பஸ்ஸும் ஏறுவோம்" என்பாய்.

சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்துக்குப் போய் நிற்பதுதான் உன் வழக்கம். கொடுக்க வந்தவர்கள் என்று தெரிந்தால் நாற்காலியும் காபியும் வந்துவிடும், அதற்குமேல் ஒன்றும் கண்ணில் படாது என்பாய். அதனால் இருப்பதிலேயே நைந்த சேலையைக் கட்ட வேண்டும். சீர்காழிப் பக்கம் அந்த முதியோர் இல்லத்துக்குப் போன அன்றைக்கு வேஷம் கொஞ்சம் அதிகமாகிவிட்டது. வாசலிலேயே வார்டன் அம்மா நம் வயர்கூடைகளைக் கையில் வாங்கிக்கொண்டார். "வெயில்ல வந்திருக்கீங்க. மொதல்ல சாப்புடுங்க, பேரெல்லாம் அப்புறம் எழுதிக்கலாம்" என்றார். யாருமில்லாமல் அங்கே சேர வந்த இரண்டு கிழவிகள் என்றே முடிவு கட்டிவிட்டார். நான் வாய் திறப்பதற்குள் நீ என் காலை மிதித்தாய்.

சோறு, முருங்கைக்கீரைப் பொரியல், மோர். வார்டன் அம்மாவும் அதே பந்தியில் உட்கார்ந்து அதையேதான் சாப்பிட்டார். பிறகு ஆளுக்கொரு துண்டும் சோப்பும் கொடுத்து, அடுத்தடுத்து இரண்டு கட்டில்களைக் காட்டினார். நீ கூச்சமே இல்லாமல், "எனக்கு ஜன்னலோரம்" என்று கேட்டு வாங்கிப் படுத்து ஒரு தூக்கமும் போட்டாய். உன் குறட்டையைக் கேட்டபடி, விஷயத்தை எப்படிப் போட்டு உடைப்பது என்று தவித்தவள் நான்தான். சாயங்காலம் உண்மையைச் சொன்னபோது அவர் கோபப்படவில்லை. தலையில் கைவைத்துச் சிரித்தார். "ரெண்டு கட்டிலும் உங்களுதுதான், எப்ப வேணா வாங்க" என்றார். அந்த வருடத்திலிருந்து, வலங்கைமானில் உன் வயலில் சம்பா அறுத்ததும் முதல் நெல் அரிசியாகி அங்கேதான் போயிற்று.

நீ கர்த்தரிடம் போன பிறகு இதுதான் முதல் அறுவடை. உன் மகன் துபாயிலிருந்து போன் செய்தான். "அம்மா பங்கு எங்க போகணும்னு நீங்களே சொல்லுங்க ஆன்ட்டி. தப்பான எடத்துக்குப் போயிடக் கூடாது" என்றான். எனக்கு உன்மேல் கோபம்கூட வந்தது. இந்தப் பாரத்தை என் தலையில் வைத்துவிட்டு நீ பாட்டுக்குப் போய்விட்டாயே. பழைய வார்டன் அம்மா முடியாமல் மகள் வீட்டுக்குப் போய்விட்டார், இப்போது வேறு யாரோ பொறுப்பில் இருக்கிறார்களாம். பழகிய இடம் என்பதற்காக மட்டும் அரிசியை ஏற்றிவிட மனம் வரவில்லை. சபையிலும் ஆளுக்கொரு ஊழியத்தைச் சொன்னார்கள். எல்லாமே நல்லதாகத்தான் பட்டது, அதுதான் கஷ்டம்.

நேற்று அந்த நைந்த சேலையைக் கட்டிக்கொண்டு தனியாகவே பஸ் ஏறினேன். இல்லத்து வாசலில் முப்பது வயதுக்குள் ஒரு பெண் நின்றாள். அவள்தான் புது வார்டன், என்னை அவளுக்குத் தெரியாது. யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்பாள், என்ன சொல்லலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் என் கூடையை வாங்கிக்கொண்டு, "சாப்புட்டீங்களாம்மா?" என்றாள். இல்லை என்று தலையாட்டிவிட்டு அவள் பின்னாலேயே போனேன்.

பந்தியில் என் பக்கத்தில்தான் அவளும் சாப்பிட்டாள். கை கழுவி வந்ததும் இந்தத் துண்டும் சோப்பும் கைக்கு வந்தன. உன்னைப்போலவே நேரே போய்க் கழிவறையையும் எட்டிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது.

உன் ஜன்னலோரக் கட்டிலில் பொக்கைவாய் அம்மா ஒருத்தர் உட்கார்ந்திருந்தார். நான் துண்டும் கையுமாக நிற்பதைப் பார்த்து, "சேர வந்தியாம்மா?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல் நகர்ந்து இடம் விட்டார். "இப்புடி உக்காரு. இங்க நல்லா காத்து வரும்."

"தெரியுங்க" என்று சொல்லி உட்கார்ந்தேன். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

பிறகு வார்டனிடம் உண்மையைச் சொன்னேன். "அப்ப அந்த ரெண்டு கட்டில் அம்மா நீங்கதானா? இங்க புதுசா வர்ற எல்லாருக்கும் அந்தக் கதைய சொல்லுவாங்களே" என்றாள். துண்டைத் திருப்பிக் கொடுத்தால் வாங்க மாட்டேன் என்றுவிட்டாள். பஸ்ஸில் இருந்தே உன் மகனுக்குப் போன் செய்து சொன்னேன். நாளைக்கு அரிசி வண்டி கிளம்புகிறது.

அடுத்த அறுவடைக்கும் சொல்லாமல்தான் போவேன். என்மேல் எனக்கு ஒரே ஒரு குறை. பக்கத்துக் கட்டில் காலியாகத்தான் இருந்தது, அந்த அம்மாவும் படுத்துக்கொள்ளச் சொன்னார், நான்தான் கூச்சப்பட்டு வந்துவிட்டேன். அடுத்த முறை உனக்காக ஒரு தூக்கம் போட்டுவிட்டே வருகிறேன்.