கைகளுக்குத் தெரிந்தது

ஆராவ்
5.9.1994

என் ராசா தவச்செல்வனுக்கு,

நானும் அக்கா சிவகலாவும் சுகம். பேத்தி கோபிஷா இப்போது என் டொச் பாஷையைத் திருத்துகிறாள். அவளுடைய கெட்டித்தனத்தை ஆருக்காவது சொல்லாவிட்டால் எனக்குப் பொறுக்காது.

உன் கடிதம் கண்டதிலிருந்து சாப்பாடு இறங்கவில்லை. காட்டில் தனியே மரம் வெட்டும்போது காட்டுப்பன்றி துரத்தினால், கூட ஒரு ஆளைக் கேள். அதற்கு முதலாளி பிஸ்டல் வாங்கச் சொல்கிறாராம், சனிக்கிழமை கடையில் தெரிவு செய்யப் போகிறீர்களாம். இடுப்பில் அதைக் கட்டவோ சுவிசுக்கு ஓடி வந்தோம்? உன் அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. ஆயுதத்தைக் கையாலும் தொட்டதில்லை என்று விசாரணையில் சொன்னவன் நீ. நான் ஐந்தாம் வகுப்புத்தான். ஆனால் உன் வாக்குமூலம் எனக்குப் பாடம். போகாதே.

அம்மா
ராஜேஸ்வரி

நொஷாட்டல்
11.9.1994

அன்புள்ள அம்மா,

கோபிக்காதேயுங்கோ, போய்விட்டேன். முதலாளிக்கு முன்னால் மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

கடைக்காரர் மூன்றை மேசையில் வைத்தார். ஒன்று பாரம், மரம் அரியும் மெஷினோடு சுமக்க ஏலாது. ஒன்று சின்னன், பன்றித் தோலுக்குக் காணாது. மூன்றாவதைக் கையில் எடுத்தேன். எடுத்தது மட்டும்தான் நினைவு. பார்த்தால், அதைத் துண்டு துண்டாகக் கழற்றி மறுபடி பூட்டி வைத்திருக்கிறேன். எவ்வளவு கெதியில் முடித்தேன் என்று கடைக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தார்.

"உங்கட நாட்டிலயும் எல்லா ஆம்பிளையளும் ஆமிக்குப் போகவேணுமோ?" என்று முதலாளி கேட்டார். இங்கே அப்படித்தானே. "ஓம்" என்றுவிட்டேன். முதுகில் தட்டினார்.

இப்போது எனக்கு அனுமதி கேட்டுப் பொலிசுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 'சொந்த நாட்டில் இராணுவப் பயிற்சி பெற்றவர், ஆயுதத்தைக் கவனமாகக் கையாளுவார்' என்று. வெள்ளிக்கிழமை தானே கொண்டுபோய்க் கொடுப்பாராம். நல்ல மனுசன் அம்மா. நான் என்ன செய்ய?

தவம்

ஆராவ்
13.9.1994

ராசா,

அவசரத் தபாலில் போடுகிறேன். என்னைச் சாட்டு. "பிஸ்டல் எண்டு கேள்விப்பட்டு அம்மா சாப்பிடாமல் கிடந்து அழுறா, எனக்கு வேண்டாம்" என்று சொல்லு. விசர்க் கிழவி என்று அவர் சிரிக்கட்டும். ஊரில் ஒருத்தரையும் என்னைப் பார்த்துச் சிரிக்க விடாதவள் நான். பரவாயில்லை. அது பொலிசுக்குப் போனால் உன் வழக்கு போச்சு. அந்தக் கடதாசியை மட்டும் கையில் வாங்கிவிடு.

இயக்கத்தில் இருந்த எட்டு மாதமும் சமையல்கட்டில்தான் நின்றதாக எனக்குச் சொன்னாய். நம்பினேன். அதைப்பற்றி இப்போது கேட்கவில்லை. இனியும் கேட்க மாட்டேன்.

படித்ததும் கிழித்துவிடு.

அம்மா

நொஷாட்டல்
16.9.1994

அம்மாவுக்கு,

கடதாசி கிடைத்துவிட்டது. முதலாளி விழுந்து விழுந்து சிரித்தார். "என்ர அம்மாவும் என்னை மோட்டச்சைக்கிள் வாங்க விடேல்லை" என்று சொல்லி என்னிடமே தந்தார். அடுப்பில் போட்டேன். திங்கள் முதல் காட்டில் இரண்டு பேராக வேலை.

உங்கள் கடிதத்தை மட்டும் கிழிக்க மனம் வரவில்லை. இனியும் கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கிழமை முழுக்க என் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ரயிலில் வாறன். அக்காவையும் பிள்ளையையும் கொஞ்ச நேரம் வெளியே அனுப்பிவிடுங்கோ.

கேளுங்கோ, அம்மா.

தவம்