கூடையின் அடியில்

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. இங்கே நானும் உன் வீட்டுக்காரனும் சுகம். அவன் சமையலில் உப்புப் போட மறக்கிறான். கேட்டால் என் ரத்தக் கொதிப்புக்காகத்தான் என்கிறான். உன்னோடு தங்கியிருக்கும் பெண் குறட்டை விடுகிறாள் என்றாயே, பஞ்சை உருட்டிக் காதில் வைத்துக்கொள்.

போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பாய். போனில் சொன்னால் நீ உடனே "பரவால்ல அத்தை" என்று சொல்லிவிடுவாய். அதைக் கேட்டுக்கொள்ள எனக்கு முகமில்லை.

உன் ஆர்க்கிட் செடிகளைப் பற்றித்தான். நீ சொன்னபடியே எல்லாம் செய்தேன். பின்னறையில் ஏசி ஓடுகிறது. பிடித்து வைத்த மழைத்தண்ணீரைத்தான் அந்தப் பனிமூட்ட மிஷினில் ஊற்றுகிறேன். மலையுச்சியில் மேகத்துக்குள்ளேயே வளர்கிற செடி, வெயில் பட்டால் சுருண்டுவிடும் என்றாயே, ஜன்னல் திரையைக்கூட விலக்கவில்லை. நான்தான் போர்வையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போய்வருகிறேன். செடிகள் சொகுசாக இருந்தன.

ஆனால் அந்தத் தரை! நமக்குள் சண்டை வந்ததே அதனால்தானே. செடிகளை வைத்து நீ தொங்கவிட்டிருந்த மரக் கூடைகளிலிருந்து சொட்டிய தண்ணீரில் நான் ஒருநாள் வழுக்கி விழப் பார்த்தேன். உன் ஆபீஸ் சிநேகிதிகள் வந்திருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே, "என் இடுப்ப ஒடைக்கத்தான் இவ செடி வளர்க்கிறா" என்று கத்தினேன். நீ துணியை எடுத்துத் துடைத்தாய். அடுத்த மாதமே மாற்றல் வாங்கிக்கொண்டு போய்விட்டாய். ஆபீஸில் கட்டாயப்படுத்தினார்கள் என்று என் மகன் சொன்னான். அவனுக்குப் பொய் வராது, காது சிவந்துவிடும்.

நீ திரும்பி வரும்போது அந்தச் சண்டைக்கே இடமிருக்கக் கூடாது என்று நினைத்தேன். கடைக்குப் போய் நீலப் பீங்கான் தொட்டிகளாகப் பார்த்து வாங்கி வந்தேன். கொக்கியிலிருந்து ஒவ்வொரு கூடையாக எடுத்து, அப்படியே தொட்டிக்குள் இறக்கி வைத்தேன். ஒரு சொட்டுக்கூடத் தரையில் விழவில்லை. பார்க்கவும் லட்சணமாக இருந்தது. என்னை நானே மெச்சிக்கொண்டேன், போ.

நீ போன் பண்ணும்போதெல்லாம் "அடியில பார்த்தீங்களா அத்தை?" என்று கேட்டாய். நான் தொட்டியைத் தூக்கி அடியில் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லம்மா, சுத்தமா இருக்கு" என்பேன். பூச்சி இருக்கிறதா என்று கேட்கிறாய் என நினைத்தேன். "சரி அத்தை" என்பாய். உன் குரல் இறங்கிப்போனது என் காதில் விழத்தான் செய்தது. வேலைக் களைப்பு என்று விட்டுவிட்டேன்.

நேற்று ஒரு தொட்டியிலிருந்து அழுகல் வாடை வந்தது. கூடையை வெளியே தூக்கினேன். ஐயோ, அம்மா! அடியில் மரச்சட்டங்களின் இடுக்கு வழியாக மொட்டுகள் கீழ்நோக்கி நீண்டிருந்தன. தொட்டியின் அடியில் முட்டி, போக வழியில்லாமல் மடங்கி, தேங்கின தண்ணீரில் கறுத்துக் கிடந்தன. பதறிப்போய் மற்றதையும் தூக்கிப் பார்த்தேன். அதே கதைதான். பூ என்றால் தலைக்கு மேல் பூக்கும் என்றுதான் எனக்குத் தெரியும். தலைகீழாகப் பூக்கிற செடியை நான் எங்கே கண்டேன்? நீ சொல்லியிருப்பாய். நீ செடிப் பேச்சை எடுத்தாலே நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேனே.

கல்யாணமாகி வந்தபோது மடியில் வைத்துக் கொண்டு வந்த செடிகள். இத்தனை வருஷம் இலையை மட்டும் பார்த்துக்கொண்டு முதல் பூவுக்குக் காத்திருந்தாய். அது வந்த நேரத்தில் அடைத்துப் போட்டுக் கொன்றுவிட்டேன். எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு உன்னிடம் பேசுவேன்? என் மகனிடம், நீயே சொல்லிவிடடா என்று கெஞ்சினேன். "நீங்களே சொல்லுங்கம்மா. நீங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்" என்று சொல்லிவிட்டான். சாப்பிடும்போது அவன் முகத்தைப் பார்க்கவும் எனக்குக் கூச்சமாக இருந்தது.

கூடைகளைப் பழையபடி கொக்கியில் மாட்டிவிட்டேன். ஜன்னலோரத்துச் சின்னக் கூடையில் மட்டும் ஒரு மொட்டு பச்சையாக இருக்கிறது. நுனி கோணியிருக்கிறது, ஆனால் உயிர் இருக்கிறது. பூத்தால் குரங்கு முகம் மாதிரியே இருக்கும் என்று நீ உன் புருஷனிடம் சொல்லிச் சிரித்தது ஞாபகம் வந்தது. அதைச் சரியாகப் பார்க்க வேண்டுமானால் தரையில் மல்லாந்து படுக்க வேண்டும். படுத்துப் பார்த்துவிட்டேன். என்னைத் தூக்கிவிடத்தான் அவன் வர வேண்டியதாயிற்று.

அங்கேயே நிரந்தரமாக இருக்கிறாயா, இல்லையா என்று இந்த மாதக் கடைசிக்குள் ஆபீஸில் சொல்ல வேண்டும் என்றாய். வந்துவிடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. உன் மனசுக்குப் பட்டதைச் சொல். எங்கே இருந்தாலும் நீ நன்றாக இருக்க வேண்டும்.

ஒருவேளை வந்தாயானால், பின்னறைக்குள் பார்த்துக் கால் வை அம்மா. தரை ஈரமாகத்தான் இருக்கும்.

உன்
அத்தை