மோர்ப் பந்தலுக்குப் போன கரண்ட்

பாவா,

போன ஞாயிற்றுக்கிழமை உங்கள் மகள் ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொண்டுவந்து என் மேசைமேல் வைத்தாள். மூடியைத் திறந்ததும் விபூதி வாசனை. உள்ளே, மலைக்கோயிலில் விபூதி மடித்துக் கொடுக்கும் தாளில், உங்கள் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடையில் போர்டுகளைச் சோதிக்க வைத்திருந்த அந்தப் பழைய பிராசசர். நீங்கள் போய்ச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்துவிட்டது. எனக்கு எரிச்சலூட்ட இன்னும் உங்களால் முடிகிறது.

அடியில் ஊசி ஊசியாகக் கால்கள் உள்ள ஒரு பொருளைச் சாம்பல் ஒட்டிய தாளில் மடித்து வைக்கிறவர் உலகத்திலேயே நீங்கள் ஒருவராகத்தான் இருப்பீர்கள். கடையில் ஒவ்வொரு முறையும் நான்தான் சின்ன பிரஷ்ஷை எடுத்து அந்தக் கால்களுக்கு நடுவிலிருந்து விபூதியைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். "சாமி தாள்டா மச்சான், ஒண்ணியும் ஆவாது" என்பீர்கள். ஒன்றும் ஆகாமல் இருந்ததற்குக் காரணம் என் பிரஷ். நல்ல பெயர் சாமிக்கும் உங்களுக்கும் போனது.

டப்பா வந்த கதையைச் சொல்கிறேன். அவள் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து கொடுத்துத்தான் இப்போது அவளும் என் அக்காவும் இருக்கிற உங்கள் வீடு நடக்கிறது. நீங்கள் கடைசியாக வாங்கிக் கொடுத்த கம்ப்யூட்டரின் வேகம் போதவில்லை. அதிலிருந்த பிராசசரைச் சென்னையில் எக்ஸ்சேஞ்சில் கொடுத்துவிட்டு, புதுத் தலைமுறைப் பிராசசர் ஒன்றை வாங்கிவந்து அவளே பொருத்தியிருக்கிறாள். ஓடவில்லை. ரிப்பேர் தெரிந்த உங்கள் தம்பி பெங்களூருக்குப் போய்விட்டான். அதனால்தான் என்னிடம் வந்தாள். வேறு ஆள் இருந்திருந்தால் என் வீட்டு வாசல் அவளுக்கு ஞாபகம் வந்திருக்காது.

"ஃபேன் மட்டும் சுத்துது மாமா. டிஸ்பிளேவே வர்ல. இந்த மதர்போர்டுல ஓடும்னு சொல்லித்தான் குடுத்தாங்க."

"ஓடும். ஆனா இது யாருன்னு போர்டுக்குத் தெரியாது. போர்டை எழுப்பிவிடற பயோஸ்னு ஒரு புரோகிராம் உள்ள இருக்கு, அது பழசு. அதை மாத்தணும்."

"மாத்திடுங்க."

"மாத்தணும்னா மொதல்ல போர்டு கண்ணு முழிக்கணும். முழிக்க வைக்க, அதுக்குத் தெரிஞ்ச பிராசசர் ஒண்ணு உள்ள இருக்கணும். அதைத்தான் நீ குடுத்துட்டு வந்துட்ட."

அவள் முகம் சுருங்கிப்போனது. ஆனி மாத முகூர்த்த வீடியோக்கள் அப்படியே நிற்கின்றனவாம். இந்தப் போர்டு போனால் வேறு போர்டு இல்லை, வேலையும் இல்லை. சட்டென்று எழுந்து, "அப்பா டப்பா!" என்று சொல்லிவிட்டு ஓடினாள். இரண்டு தெரு தாண்டித்தானே வீடு.

அவள் திரும்பி வருவதற்குள் எனக்கு உங்கள் நினைவு வந்துவிட்டது. புதிதாக வருவதைப் போர்டு ஏற்றுக்கொள்ள வேண்டுமென்றால் பழையது சிறிது நேரம் உள்ளே உட்கார வேண்டும். வேலை முடிந்ததும் அதைக் கழற்றி டப்பாவில் போட்டுவிடலாம். நீங்கள் என்னை வைத்திருந்ததும் அப்படித்தான். இயற்பியலில் எம்.எஸ்சி. படித்தவனைக் கடைக்கு அழைத்து, எல்லாவற்றையும் சொல்லிக் கொடுக்க வைத்து, உங்கள் தம்பிக்குத் தொழில் பிடிபட்டதும் என் ஸ்டூலை அவனுக்குக் கொடுத்தீர்கள். அதற்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. அந்த ஆடிக் கிருத்திகை அதைக் கொடுத்தது.

கொரோனாவுக்கு முந்தின ஆடி. கடை வாசலில் வழக்கம்போல உங்கள் மோர்ப் பந்தல். மேசை, அண்டா, பின்னால் என் அக்கா, பக்கத்தில் மைக் செட். மைக் கையில் கிடைத்தால் உங்களுக்கு எதுவுமே கண்ணில் படாது. உள்ளே, பள்ளிப்பட்டிலிருந்து வந்த ஒருவரின் கம்ப்யூட்டரில் நான் பயோஸ் மாற்றிக்கொண்டிருந்தேன். தறிகளுக்குச் சேலை டிசைன் போட்டுக் கொடுப்பவர் அவர். கூட்ட நாளில் தெருவில் கரண்ட் நிற்காது என்று எனக்குத் தெரியும். "இன்னிக்கு வேண்டாம்" என்றேன். "அவரு காத்துகினுகீறாரு, ஆரம்பிடா" என்றீர்கள். யு.பி.எஸ்.ஸில் மாட்டி ஆரம்பித்தேன். பாதியில் நின்றால் அந்தப் போர்டு அதற்குப் பிறகு எழவே எழாது. இதையும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்.

"இன்னாடா மச்சான், அது பாட்டுக்கு ஓடுது. நீ ஏன் அதும்மேலயே கண்ணு வெச்சிகினு உக்காந்துகினுகீற? வெளிய ஜனம் தாகத்தோட வந்துகினு இருக்குது. போய் ஒரு கை மோர் ஊத்து. உள்ள நான் பாத்துக்கறேன்."

"பாவா, இது முடியற வரைக்கும் பிளக்கை யாரும் தொடக் கூடாது."

"ஆங், ஆங், தெரியும் போ. நான் இன்னா பச்சக் கொழந்தையா?"

நான் மோர் ஊற்றிக்கொண்டிருந்தபோது தெரு முழுக்கக் கரண்ட் போனது. சீரியல் பல்புகள் அணைந்தன, எதிர்க்கடை மிக்சி நின்றது, மைக்கும் நின்றது. உள்ளே யு.பி.எஸ். தாங்கும் என்று நிம்மதியாக அடுத்த டம்ளரை நிரப்பினேன். அப்போது மைக் மறுபடி பேசியது. தெருவில் எதுவுமே ஓடாதபோது உங்கள் குரல் மட்டும் ஒலிபெருக்கியில், தமிழிலும் தெலுங்கிலும்: "காவடி எடுத்து வரும் பக்தகோடிகளே, மோர் குடிச்சிட்டுப் போங்க! ரண்டி, மஜ்ஜிக தாகண்டி!"

எந்தக் கரண்டில் பேசுகிறீர்கள் என்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. டம்ளரைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். திரை கறுப்பாக இருந்தது. யு.பி.எஸ்.ஸில் மைக் செட்டின் பிளக் செருகியிருந்தது. கம்ப்யூட்டரின் பிளக் தரையில் கிடந்தது.

பள்ளிப்பட்டுக்காரர் தலையில் கைவைத்துக்கொண்டார். "தீபாவளி டிசைனு மொத்தமும் நிக்குதுங்க. தறிக்காரங்களுக்கு நான் இன்னா பதில் சொல்றது?"

நீங்கள் அவர் தோளைத் தட்டினீர்கள். பந்தலில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, "மச்சான் பண்ண வேலைங்க. படிச்ச புள்ள, கொஞ்சம் அவசரம். வேற போர்டு நான் போட்டுத் தர்றேன். என் பொறுப்பு" என்றீர்கள்.

வாயைத் திறந்தேன். வாசலில் அண்டாவுக்குப் பின்னால் அக்கா நின்றிருந்தாள். நீங்கள் பிளக்கைப் பிடுங்கியதை அவள் பார்த்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம். அவ்வளவுதான். நான் வாயை மூடிக்கொண்டேன். ஊர் திறந்துகொண்டது. பக்கத்து ஊரான கே.ஜி.கண்டிகை டீக்கடையில் நான் போய் உட்கார்ந்தால், "சாரு வந்துட்டாரு, ரேடியோவ எடுத்து உள்ள வைப்பா, தொட்டாருன்னா பூடும்" என்று சிரித்தார்கள். எவரும் என்னிடம் ஒரு செல்போனைக்கூட நம்பித் தரவில்லை. கடைசியில் ரயிலேறி அரக்கோணத்துக்குப் போனேன். ஒரு தனியார் அலுவலகத்தில், பிரின்டரில் சிக்கிய காகிதத்தை எடுத்துவிடுகிற வேலை. இன்றும் அதுதான்.

உங்கள் சாவுக்கு வந்த எல்லோரும், வாடிக்கையாளருக்காகத் தன் கைக்காசைப் போட்டு நஷ்டம் தாங்கிய மனுஷன் என்று அந்தப் பள்ளிப்பட்டுக் கதையைத்தான் சொல்லி அழுதார்கள். நான் மாலையைப் பிடித்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தேன்.

மறுபடி போன ஞாயிற்றுக்கிழமைக்கே வருகிறேன். பிரஷ்ஷால் விபூதியைத் தட்டினேன். பழைய பிராசசரைப் பொருத்தினேன். போர்டு கண் விழித்தது. பென்டிரைவில் புது பயோஸ் இருந்தது. அது ஏறுவதைக் காட்டும் கோடு திரையில் மெல்ல நகர ஆரம்பித்ததும் யு.பி.எஸ்.ஸுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பிளக்கின்மேல் கையை வைத்தேன். அன்றிலிருந்து இது என் வழக்கம்.

உங்கள் மகள் சிரித்தாள். "அப்பா மாதிரியே உக்காந்துகினுகீறீங்க மாமா. நகருங்க, நான் புடிச்சிக்கறேன்."

"அப்பா மாதிரியா?"

"ஆங். இது ஓடும்போது பிளக்குமேல ஒரு கை இருக்கணும்னு அவரும் உக்காருவாரு, என்னயும் உக்கார வெப்பாரு. ஒருவாட்டி மோர்ப் பந்தல் மைக்குக்காக அவரே புடுங்கிட்டாராம். யாரோ ஒருத்தர் போர்டு அங்கியே செத்துப்போச்சாம். சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

கோடு பாதியில் இருந்தது. என் கை பிளக்கில் இருந்தது.

நீங்கள் மறந்துவிட்டீர்கள் என்று இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். உங்கள் பொய்யை நீங்களே நம்பிவிட்டதாகக்கூட நினைத்ததுண்டு. இல்லை. உங்களுக்கு எல்லாம் ஞாபகம் இருந்தது. உண்மையை வீட்டுக்குள் பாடமாகவும் வேடிக்கையாகவும் சொல்லிக்கொண்டீர்கள். பஜாருக்கு வேறொன்றைச் சொன்னீர்கள். சிரித்திருக்கிறீர்கள், பாவா. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஓர் இழுப்பு போதும். நீங்கள் வாங்கிக் கொடுத்த கடைசிப் பொருள் செத்திருக்கும். என்னால் எழுந்து போகவும் முடியவில்லை, கத்தவும் முடியவில்லை. கையை அழுத்தி வைத்துக்கொண்டேன். அது உங்கள்மேல் உள்ள பாசத்தால் அல்ல. என் கையில் ஒரு போர்டும் செத்ததில்லை, சாகவும் கூடாது. அந்தச் சாதனை உங்களுடையதாகவே இருக்கட்டும்.

முடிந்தது. பழையதைக் கழற்றி, புதியதை வைத்து, பேஸ்ட் தடவி, ஃபேனை மாட்டினேன். திரையில் புதுப் பிராசசரின் பெயர் வந்ததும் அவள் கைதட்டினாள். அப்போது சொன்னேன்: அது யார் போர்டு, அன்று நீங்கள் யாரைக் காட்டினீர்கள், நான் ஏன் அரக்கோணத்துக்குப் போகிறேன் என்று. கைதட்டியவள் கையை மடியில் வைத்துக்கொண்டாள்.

பிறகு, "இந்த ஆடிக்குப் பந்தல் போடறோம் மாமா. அதே மைக்குதான். அதுலயே சொல்லிடறேன். எங்கப்பாதான் புடுங்கினாருன்னு" என்றாள்.

இதைத்தான் இத்தனை வருடமாக நான் கேட்க ஆசைப்பட்டேன். அதே தெரு, அதே மைக், உங்கள் ரத்தத்தின் வாயிலிருந்து.

"மோர் யாரு ஊத்தறது?" என்று கேட்டேன்.

"அம்மாதான்."

அண்டாவுக்குப் பின்னால் அக்கா நிற்க, ஒலிபெருக்கியில் அவள் மகள் குரலில் அவள் புருஷன் பெயர். நீங்கள் இல்லாத இடத்தில் அந்த அடி யார்மேல் விழும்?

"வேணாம். விடு" என்றேன்.

"ஏன் மாமா?"

"விடுன்னா விடு."

அன்று அக்கா தலையாட்டினாள், இன்று அது தேவைகூடப் படவில்லை. உயிரோடு இருந்தபோதும் என் அக்காவுக்குப் பின்னால் ஒளிந்தீர்கள், செத்த பிறகும் அங்கேயே ஒளிந்திருக்கிறீர்கள். நான் உங்களை மன்னிக்கவில்லை. இது அதற்கான கடிதம் இல்லை.

விபூதித் தாளை உங்கள் மகளிடம் திருப்பிக் கொடுத்தேன், பத்திரமாக வைத்துக்கொள்ளட்டும். பிராசசரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். ஒழுங்கான ஸ்பாஞ்சில் குத்தி, என் பையில் இருக்கிறது. தினமும் என்னோடு அரக்கோணம் போய் வருகிறது.

ஆடிக் கிருத்திகைக்கு வரச் சொல்லியிருக்கிறாள். வருவேன். உங்கள் பழைய கடைதான் இப்போது அவளுடைய எடிட்டிங் அறை, அன்றும் அவள் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருக்கும். நான் மோர் ஊற்ற மாட்டேன். உள்ளே தரையில் உட்கார்ந்து பிளக்கின்மேல் கையை வைத்துக்கொண்டிருப்பேன். தெருவில் கரண்ட் போய், வெளியே மைக் நின்றால், நிற்கட்டும்.