எதிரே வருகிறவள்

சேலத்தில் இருக்கும் என் மகனுக்கு,

இவ்விடம் சுகம். சுகமாக இருக்கத்தான் தினமும் நடக்கிறேன்.

காலையில் தெருவில் நடக்க வேண்டாம், வீட்டுக்குள்ளேயே நடந்தால் போதும் என்று எழுதியிருக்கிறாய். நீ கூட்டிப்போன டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. அரிசிச் சோற்றைக் குறையுங்கள், வெயில் ஏறுமுன் வேர்க்க வேர்க்க நடங்கள், அப்போதுதான் நீரிழிவு அடங்கும் என்றார். நீயும் தலையாட்டினாய். வாசலுக்கும் புறக்கடைக்கும் நடந்தால் எனக்கு வேர்ப்பதில்லை. ஏரிக்கரை வரை போனால் வேர்க்கிறது. காலில் இருந்த புண்ணும் ஆறிவிட்டது.

உன் மாமனார்தான் சொல்லியிருப்பார். போன வாரம் இளைய மகனுக்குப் பெண் பார்க்க வண்டி கட்டிப் புறப்பட்டவர், என் வெள்ளைச் சேலையைக் கண்டதும் மாட்டை இழுத்துப் பிடித்தார்.

"ஏனுங்க சம்மந்தி, நல்ல காரியத்துக்குப் போறப்ப எதுக்கால வரலாமுங்களா?"

"நீங்க பொண்ணைப் பாக்கப் போறீங்க, நான் என் ஒடம்பைப் பாக்கப் போறனுங்க" என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

உன் அப்பா இருந்தவரை என் நடை யாருக்கும் இடைஞ்சலாக இல்லை.

உன் கல்யாணத்தன்று நீ மணவறைக்குப் புறப்பட்டபோது, நானாகவே சமையலறைக்குள் போய் இருந்துகொண்டேன். நீயும் கூப்பிடவில்லை. அது போகட்டும்.

இனி யாருக்காகவும் உள்ளே இருக்க மாட்டேன். எனக்கு எதிரே வரப் பயப்படுகிறவர்கள் என் பின்னால் நடக்கட்டும். அவர்கள் உடம்புக்கும் நல்லது. பொங்கலுக்கு வரும்போது, நீ எங்கே நடப்பதென்று யோசித்துக்கொண்டு வா.

இப்படிக்கு,
நடையை நிறுத்தாத
உன் அம்மா