நீ பேசாத இடங்கள்

நேற்று தேனி பஸ் ஸ்டாண்டில் தேவாரம் பஸ்ஸுக்காக நின்றபோது உன் குரல் கேட்டதடி. பக்கத்தில் ஒரு கல்லூரிப் பெண் போனில் கேம் விளையாடிக்கொண்டிருந்தாள். அவளுடைய வீராங்கனை அடிபட்டு விழுந்ததும், போனுக்குள்ளிருந்து "எந்திரி, இன்னும் பொழுது இருக்கு" என்றாய். பின்னாலேயே தகரம் அதிரும் உன் இசை. அந்த நேரம் பார்த்து, நான் குரல் கொடுத்த ஜவுளிக்கடை விளம்பரத்தை அலறவிட்டுக்கொண்டு ஒரு ஆட்டோ வந்தது. அந்தப் பெண் முகத்தைச் சுளித்துக்கொண்டு உன் சத்தத்தைக் கூட்டி வைத்தாள். போய்ச் சேர்ந்த பிறகும் என்னை விடமாட்டேன் என்கிறாயே!

ஓடைப்பட்டியில் உங்கள் திராட்சைத் தோட்டமும் எங்களுடையதும் அடுத்தடுத்து. பழம் கறுக்கத் தொடங்கிவிட்டால், லீவு நாளெல்லாம் கிளி விரட்டுவதுதான் நமக்கு வேலை. நான் ஒரு சத்தம் கொடுத்தால் பந்தலே காலியாகும். உனக்குப் பாதியில் குரல் உடையும். தகரத்தை மட்டும் விதவிதமாகத் தட்டுவாய். நடுவில் போலீஸ்காரர் மாதிரி, டீச்சர் மாதிரியெல்லாம் பேசிக் கிளியை அதட்டுவாய். "ஏத்தா, கிளிய வெரட்டச் சொன்னா அங்கன நின்னு அதுககிட்ட கத பேசுறியா?" என்று என் அப்பா கேட்பார். அன்றைக்குக் குரல் என்றால் நான்தான். நீயே அதை ஒப்புக்கொண்டிருக்கிறாய்.

பிறகு சென்னைக்குப் போனாய், கேம்களுக்கு இசை போட்டாய். ஒருமுறை பேச வேண்டிய நடிகை வராததால், சும்மா ஒப்புக்கு நீயே பேசி வைத்தாய். கேட்டவர்கள் அதுவே இருக்கட்டும் என்றுவிட்டார்கள். அந்த உடைகிற குரலை! விழுந்து எழுகிறவளுக்கு அதுதான் பொருத்தமாம். அப்புறம் ராணி, சூனியக்காரி, குட்டி டிராகன் எல்லாம் நீயேதான். நீ ஊருக்கு வந்தால் பிள்ளைகள் உன்னைச் சூழ்ந்துகொண்டு டிராகனைப் பேசச் சொல்வார்கள். எனக்குத் திகுதிகுவென்று எரியும். ஒருநாள் புது இசை ஒன்றைப் போட்டுக் காட்டினாய்.

"நல்லாருக்கு" என்றேன்.

"பொய் சொல்லாதடி. ஒனக்கு வயித்தெரிச்சல்."

"ஆமா, எரியுது. இப்ப என்னங்கிற?"

விழுந்து விழுந்து சிரித்தாய். "எரியட்டும். ஒனக்கு எரிஞ்சாத்தான் நான் உருப்படியா ஏதோ செஞ்சிருக்கேன்னு அர்த்தம்."

போன வருடம் நோய் உன்னைக் கொண்டுபோனது. அதற்குள் அந்த வீராங்கனை கேமின் இரண்டாம் பாகத்துக்கு இசையை முடித்திருந்தாய். பேச்சில் மட்டும் கொஞ்சம் மிச்சம். உன் அம்மாதான் எனக்குப் போன் செய்தார். "கம்பெனிக்காரக கேட்டாக, ஒன் நம்பரக் குடுத்திருக்கேன். மிச்சத்த நீதான் பேசணும்னு சொல்லிட்டுப் போயிருக்கா, ஆத்தா."

எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல. இனி என் முறை என்று நினைத்தேன்.

விளம்பரம் பேசுகிற அதே ஸ்டுடியோவில் உட்கார்ந்து, முழுத் தொண்டையில் பேசினேன். சென்னையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த கம்பெனிக்காரர் ஹெட்போனில், "அருமை மேடம். ஆனா அவங்க மாதிரி நடுவுல கொஞ்சம் உடையணும்" என்றார். உடைத்துப் பார்த்தேன். எனக்கே போலியாகக் கேட்டது. காலை முழுக்க முயன்றும் வரவில்லை. நான் கேலி செய்துகொண்டிருந்த குரலடி அது.

இரண்டு நாள் கழித்து அவரே கூப்பிட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம். அந்த இடங்கள்ல பேச்சே வேண்டாம், அவங்க மியூசிக் மட்டும் போதும்னு முடிவு பண்ணிட்டோம்."

என் குரலைவிட நீ பேசாமல் இருப்பதே அவர்களுக்கு மேலாகத் தெரிந்திருக்கிறது.

உன் அம்மாவிடம் சொல்லப் போனேன். வாயைத் திறக்கும் முன்பே அழுகை முந்திக்கொண்டது. "அவள நெனச்சு இன்னும் அழுதுக்கிட்டே இருந்தா எப்படித்தா?" என்று என் தலையைத் தடவினார். நான் அழுதது உனக்காக இல்லை. நாளைக்கு நான் போனால், இவள் மாதிரிதான் வேண்டும் என்று யாரும் யாரையும் தேடப்போவதில்லை. அதற்காகத்தான் அழுதேன். உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வேன்? கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

இன்னும் எரிகிறதடி. அதைச் சொல்லத்தான் ஆளில்லை.